பழைய வீட்டு மரத்தில் வில் செய்யலாமா?

கேள்வி - பதில் பகுதி

கேள்வி: ‘‘எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டுகிறோம். உத்திரம், சட்டம், கைமரம் எல்லாவற்றையும் கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு நான்கு வில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிக்கொடுக்க இப்போது கையில் பணம் இல்லை. ‘இந்த மரத்தையே மெல்லிய பட்டையாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வில் செய்து தருகிறேன்’ என்கிறார் தெரிந்த ஆசாரி ஒருவர். நம்பிச் செய்யலாமா? இழுக்கும்போது ஒடிந்து பிள்ளைக்கு அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.’’

- மணப்பாறை பகுதி வாசகி

பதில்: செய்யலாம். பட்டைகளை ஒட்டி வில் செய்வது புது யோசனை அல்ல. ஜப்பானியர்களின் ‘யூமி’ வில், மூங்கில் பட்டைகளுக்கு நடுவில் மரம் வைத்து ஒட்டிச் செய்யப்படுவதுதான். வில்வித்தையைத் தேசிய விளையாட்டாக வைத்திருக்கும் பூட்டானில் மூங்கில் வில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2010-ம் ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கம் வென்ற ஜார்க்கண்ட் வீராங்கனை தீபிகா குமாரி, சிறுவயதில் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் பழக ஆரம்பித்தார்.

அதே சமயம், உங்கள் பயமும் நியாயமானது. நாற்காலிக் கால் ஒடிந்தால் உட்கார்ந்தவர் கீழே விழுவார். அவ்வளவுதான். வில் ஒடிவதோ, முழுதாக இழுத்த நிலையில், முகத்துக்குப் பக்கத்தில். கை இழுத்த பலம் முழுவதும் அந்த நேரத்தில் மரத்துக்குள் இருக்கும். மரத்தில் குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில்தான் அது வெடித்து வெளியே வரும். அதனால், வில் செய்வதில் பாதி வேலை எந்த மரத்தை ஒதுக்குவது என்பதுதான். கொல்லையில் இருக்கும் பத்துச் சட்டங்களில் எட்டை ஒதுக்க நேர்ந்தாலும் கவலைப்பட வேண்டாம். ஒரு வில்லுக்குத் தேவையான மரம் மிகக் குறைவு.

ஒட்டு வில் ஏன் நல்லது?

வில்லை இழுக்கும்போது, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் நீளும். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் அமுங்கும். முதல் பக்கத்தை முதுகு என்றும், இரண்டாவதை வயிறு என்றும் சொல்லலாம். நடுவில் இருக்கும் பகுதிக்கு நீட்சியும் அமுக்கமும் குறைவு. எனவே, முதுகுக்கு நார் வலுவுள்ள பொருள், வயிற்றுக்குக் கடினமான மரம், நடுவுக்கு லேசான மரம் என்று பிரித்துப் போட முடிகிறது.

பழைய மரத்துக்கு இந்த முறை இன்னும் பொருத்தம். முழு உத்திரத்துக்குள் என்ன குறை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 5 மில்லிமீட்டர் பட்டையாக அறுத்துவிட்டால் கணு, ஆணித் துளை, வண்டு ஓட்டை எல்லாம் கண்ணுக்கு நேரே வந்துவிடும். நல்ல பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பட்டை முழு நீளத்துக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு அரைப் பட்டைகளைக் கைப்பிடிக்கு அடியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இடம் வளையாது.

எந்த மரத்தை எடுப்பது?

பழைய ஓட்டு வீடுகளில் தேக்கு, வேங்கை, மருது, வேம்பு, பலா, பனை ஆகியவை கலந்து இருக்கும். வைரம் பாய்ந்த, கனமான வேங்கை போன்ற மரத்தில் நேரான பட்டை கிடைத்தால் வயிற்றுக்கு வைக்கலாம். தேக்கும் பலாவும் நடுப்பட்டைக்குப் போதும். வீட்டில் ஓடாமல் கிடக்கும் கட்டை வண்டி இருந்தால் அதையும் பாருங்கள். கருவேலம், பூவரசு போன்ற மரங்கள் குலுக்கலையும் அடியையும் தாங்கும் என்பதால்தான் வண்டிக்குப் போட்டார்கள். அந்த மரத்தில் நீளமான சட்டம் கிடைத்தால் வயிற்றுப் பட்டைக்கு நல்லது.

‘அம்பது வருஷத்து மரம், இரும்பு மாதிரி இருக்கும்’ என்று பலரும் சொல்வார்கள். பழையது என்பதால் மட்டும் மரத்துக்கு வலு கூடிவிடுவதில்லை. பழைய மரத்தில் கிடைக்கும் லாபம், அது நன்றாகக் காய்ந்து, இனிமேல் முறுக்கிக்கொள்ளாத நிலைக்கு வந்திருப்பதுதான். ஓடு ஒழுகி நனைந்த இடம், சுவருக்குள் புதைந்திருந்த முனை ஆகியவை அதே உத்திரத்தில் இற்றுப்போய் இருக்கலாம்.

பிளைவுட் துண்டுகள் வேண்டாம். அதில் பாதி அடுக்குகளின் நார் குறுக்கே ஓடும். வில்லுக்கு அது உதவாது. பேக்கிங் பெட்டிப் பலகைகளும் கணு நிறைந்தவை என்பதால் தவிர்க்கலாம்.

ஐந்து சோதனைகள்

1. ஆணி: அறுப்பதற்கு முன், பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைச் சட்டத்தின் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். இழுக்கும் இடத்தில் ஆணி இருக்கிறது. தேக்கு போன்ற மரங்களில் துருப்பிடித்த ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படரும். ஆணியைப் பிடுங்கிவிட்டாலும் அந்தக் கறை உள்ள பகுதியை விட்டுவிட்டுத்தான் பட்டை எடுக்க வேண்டும். உள்ளே ஆணி இருக்கும் மரத்தை அறுவை மில்லில் கொடுத்தால் பிளேடு போகும். துண்டு தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து.

2. நார் ஓட்டம்: பட்டையின் பக்கவாட்டில் ரேகையைக் கவனியுங்கள். ஓர் அடி நீளத்துக்குள் ரேகை அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்து வெளியேறினால் அந்தப் பட்டை வேண்டாம். கணுவைச் சுற்றி வளைந்து போகும் ரேகையும் வேண்டாம்.

3. உளுப்பு: சிறு வண்டு ஓட்டையில் இருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே புழு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தையே விலக்கிவிடுங்கள். கரையான் மண் ஒட்டிய முனையையும் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

4. முறிப்புச் சோதனை: இதுதான் முக்கியமானது. எடுக்கப்போகும் சட்டத்தில் இருந்து இரண்டு அடி நீளம், அரை அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டை சீவுங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, மெதுவாக வளைத்து முறியுங்கள். நன்றாக வளைந்து, முறிந்த இடத்தில் நீண்ட சிலாம்புகள் நின்றால் மரம் உயிரோட்டமாக இருக்கிறது. கொஞ்சமும் வளையாமல், முள்ளங்கி மாதிரி ‘டக்’கென்று மொட்டையாக ஒடிந்தால் அந்த மரம் இற்றுவிட்டது. வெளிப்பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் வில் செய்யக் கூடாது.

5. ஈரம்: வீட்டைப் பிரித்த பிறகு மழையில் கிடந்திருந்தால் காய்ந்த மரமும் ஈரம் குடித்திருக்கும். அறுத்த பட்டைகளை நிழலில், காற்றோட்டமாக அடுக்குங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். அடுத்தடுத்து மூன்று முறை எடை மாறாமல் இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் பட்டை வெடிக்கும்.

முதுகுக்கு மூங்கில்

முதுகுக்குப் பழைய மரம் வேண்டாம். நீளும் பக்கத்தில் சின்னக் குறை இருந்தாலும் வில் அங்கே ஒடியும். அதற்கு மூங்கில்தான் சிறந்தது. மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே அடர்த்தியாக இருக்கின்றன. மூன்று, நான்கு வயது முற்றிய, பருத்த மூங்கிலாகப் பாருங்கள். சிறிய மூங்கிலின் பட்டை அதிகமாகக் குவிந்திருக்கும். வில்லின் அகலத்துக்கு வராது. ஏணியாகவோ பந்தல் காலாகவோ இருந்த பழைய மூங்கிலைப் பயன்படுத்துவதாக இருந்தால், உளுப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுங்கள். மூங்கிலில் வண்டு சீக்கிரம் விழும்.

மூங்கிலை முழு நீளத்துக்கு ஒரே பட்டையாகப் பிளந்து, உட்பக்கத்தை மட்டும் சமதளமாக இழைக்க வேண்டும். நடுவில் 3 மில்லிமீட்டர் கனம் போதும். ஓரங்கள் தானாகவே மெலிந்துவிடும். வெளித்தோலின் பச்சை மெழுகைச் சுரண்டலாம். அதற்குக் கீழே உள்ள நாரை அறுக்கக் கூடாது. கணுவின் மேட்டை லேசாக அரத்தால் தேய்க்கலாம். தட்டையாக்க நினைத்தால் அங்கே நார் அறுந்துவிடும்.

மூங்கிலைத் தடிமனாக வைத்தால் வில்லுக்குப் பலம் கூடும் என்று நினைப்பதும் தவறு. மூங்கில் தடித்தால் வயிற்றுப் பட்டையால் தாங்க முடியாமல் அது நசுங்கும். வில் இழுத்த பக்கமே வளைந்து நின்றுவிடும்.

அளவுகள்

14 வயதுப் பிள்ளை, நாணை 24 அங்குலம் இழுத்து எய்வதற்கான அளவுகள் இவை. வளர்ந்து 26 அங்குலம் இழுத்தாலும் தாங்கும்படி நீளம் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. வில் நீளமாக இருக்க இருக்க, மரத்தின் மேல் விழும் சுமை குறையும்.

மொத்த நீளம்: 66 அங்குலம்.

அகலம்: கைப்பிடிக்கு அடுத்த இடத்தில் ஒன்றரை அங்குலம். அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து நுனியில் அரை அங்குலம்.

அடுக்கு: முதுகில் மூங்கில் 3 மில்லிமீட்டர், நடுப்பட்டை 4 மில்லிமீட்டர், வயிற்றுப் பட்டை 6 மில்லிமீட்டர். மொத்தம் 13 மில்லிமீட்டர். பிறகு வயிற்றுப் பக்கம் சுரண்டிக் குறைப்பதற்கும் இதில் இடம் இருக்கிறது.

கைப்பிடிக் கட்டை: 8 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குலக் கனம். வயிற்றுப் பக்கம் ஒட்ட வேண்டும். நடுவில் 4 அங்குலம் பிடிக்கும் இடம். இரண்டு பக்கமும் 2 அங்குலம் சரிவாக இறங்கி, முனை காகிதம் போல மெலிந்து முடிய வேண்டும். முனை தடித்து நின்றால், வில் வளையும்போது கட்டை பிரிந்து தெறிக்கும்.

நடுப்பட்டையும் வயிற்றுப் பட்டையும் இரண்டு துண்டுகளாக இருந்தால், அவற்றின் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராமல் 2 அங்குலம் தள்ளி வரட்டும். இரண்டு இணைப்புமே கைப்பிடியின் நடு 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒட்டும் முறை

மேஜை, கட்டிலுக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை நல்ல பசைதான். ஆனால், தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் பொருளில் அது மெதுவாக நழுவும். வெயில் சூட்டில் இன்னும் இளகும். வில்லுக்கு இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்ஸி பசையே ஏற்றது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். மெதுவாக இறுகும் சாதாரண வகையை வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை அப்படியே பின்பற்றிக் கலக்குங்கள். கையுறை போட்டுக்கொள்வது அவசியம்.

ஒட்டும் பரப்புகள் ஒன்றோடு ஒன்று வெளிச்சம் தெரியாமல் படிய வேண்டும். பழைய ஆக்சா பிளேடைக் குறுக்கே பிடித்து, நீளவாக்கில் லேசாகக் கீறிவிட்டால் பசைக்குப் பிடிப்புக் கிடைக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பசை தடவுவதற்குச் சற்று முன்பு, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலோ, கரையான் மருந்தோ ஊறிய மரத்தில் எவ்வளவு துடைத்தாலும் பசை பிடிக்காது.

நேரான, முறுக்கில்லாத ஒரு கட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, பட்டைகளை அடுக்குங்கள். விலை கொடுத்து இருபது கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டி, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை இழுத்துச் சுற்றினாலே சீரான அழுத்தம் கிடைக்கும். பசை ஓரங்களில் சிறு மணிகளாகப் பிதுங்கினால் சரி. எப்பாக்ஸிக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் கூடாது. பசை முழுவதும் வெளியேறி, இணைப்பு வறண்டுவிடும். நிழலில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். கைப்பிடிக் கட்டையை அடுத்த முறையாக ஒட்டலாம். நுனிகளின் முதுகில் சிறு கடின மரத் துண்டுகளை ஒட்டி, அவற்றில் நாண் காடியை அரத்தால் எடுங்கள். மூங்கிலில் நேராகக் காடி வெட்ட வேண்டாம்.

வளைவைச் சரிசெய்தல்

வில் உருவாவது இந்தக் கட்டத்தில்தான். ஆசாரிக்கு நல்ல கை இருந்தாலும், வில் செய்து பழக்கம் இல்லையென்றால் இங்கேதான் அவசரப்படுவார். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

சுவரில் பலமான முளை அடித்து, அதில் கைப்பிடியை வைத்து, தளர்வான நீள நாணை மாட்டுங்கள். கீழே கிணற்றுக் கப்பி ஒன்றைக் கட்டி, நாணில் இருந்து வரும் கயிற்றை அதன் வழியே கொண்டுவந்து, ஆறேழு அடி தள்ளி நின்று இழுக்க வேண்டும். இடையில் கொக்கித் தராசை மாட்டிக்கொண்டால் எத்தனை கிலோ இழுக்கிறது என்று தெரியும். ஒடிந்தாலும் ஆள் மேல் படாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

முதலில் இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் இழுங்கள். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு வைத்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைகிறதா என்று தெளிவாகத் தெரியும். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் வயிற்றுப் பக்கம் சுரண்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் மடங்குவது போல வளைந்தால் அந்த இடத்தைத் தொடாமல், மற்ற இடங்களைச் சுரண்டுங்கள். மூங்கில் பக்கம் கை வைக்கவே கூடாது. கண்ணாடித் துண்டோ, கூரான கத்தி முதுகோ சுரண்டப் போதும். இந்தக் கட்டத்தில் இழைப்புளி அதிகமாக எடுத்துவிடும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 20, 30 தடவை மெதுவாக இழுத்து விட்டுத்தான் அடுத்த முடிவுக்கு வர வேண்டும். சுரண்டியதன் பலன் உடனே தெரியாது. வளைவு சீரானால் மட்டும் இன்னும் இரண்டு அங்குலம் கூட்டி இழுக்கலாம். தராசு 9 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுக்காமல், சுரண்டிவிட்டு மறுபடி இழுங்கள். கடைசியில், சரியான நாணை ஏற்றி, 24 அங்குல இழுப்பில் 9 கிலோ வந்தால் போதும். வில்வித்தைக் கணக்கில் அது 20 பவுண்டு. பழகும் பிள்ளைக்கு இந்த அளவே சரி. ‘வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று கூட்டிவிட்டால் தோளில் வலி வரும். எய்யும் முறையும் கெட்டுப்போகும்.

நாணுக்கு, வில்வித்தைக் கடைகளில் கிடைக்கும் டேக்ரான் நூல் நாண் வாங்குவது நல்லது. நைலான் கயிறு நீண்டுகொண்டே போகும். கம்பி எக்காரணம் கொண்டும் கூடாது. ஏற்றிய நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சுமார் 6 அங்குல இடைவெளி இருக்கட்டும்.

பிள்ளை கையில் கொடுக்கும் முன்பு

முடிந்த வில்லைச் சுவரில் மாட்டி, கயிற்றால் முழு இழுப்புக்கு நூறு தடவை இழுத்துப் பாருங்கள். அடுத்து, பெரியவர் ஒருவர் கண்ணாடி அணிந்து நூறு அம்பு எய்யட்டும். பிறகு வெளிச்சத்தில் வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள். வயிற்றில் மயிரிழை போலக் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறதா, மூங்கிலில் சிலாம்பு எழும்பியிருக்கிறதா, பசைக்கோடு எங்காவது விரிந்திருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வில் முடிந்தது. இழுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டாலும் அப்படியே. பசை விட்டு ஒட்டி, நூல் சுற்றிக் கொடுக்க நினைக்காதீர்கள். இரண்டாக வெட்டி அடுப்புக்குப் போட்டுவிட்டு, அடுத்த பட்டையை எடுங்கள். மரத்துக்குக் காசு கொடுக்கவில்லை என்பதால் இதில் பெரிய நஷ்டம் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தால் வார்னிஷோ, ஆளி விதை எண்ணெயோ பூசலாம். மழைக்காலத்தில் ஈரம் ஏறுவதை அது குறைக்கும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை நான்கு. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது. எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். வில்லை வெயிலிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன், மேலே சொன்ன மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும்.

அம்பை மட்டும் வீட்டில் செய்ய முயல வேண்டாம். பயிற்சியாளரிடம் வில்லின் பலத்தைச் சொல்லி, அதற்கேற்ற அம்பை வாங்குங்கள். இழுப்பு நீளத்தைவிட அம்பு இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். இலக்குக்கு இறுக்கமாகக் கட்டிய வைக்கோல் கட்டுகளை அடுக்கலாம். அதற்குப் பின்னால் மண் மேடோ, கரையோ இருக்க வேண்டும். 9 கிலோ வில்லில் இருந்து மேல்நோக்கிக் கிளம்பும் அம்பு 80, 100 மீட்டர்கூடப் போகும். மாடு மேயும் பக்கமோ, நடைபாதைப் பக்கமோ இலக்கு வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டுமே பயிற்சி நடக்கட்டும்.

இதே பொருளில் வந்த மற்ற கேள்விகள்

கேள்வி: ‘‘வீட்டில் செய்த வில்லைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியுமா?’’

பதில்: நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூங்கில், மரம் கொண்டு செய்த வில்லுக்கானது அது. பெரியவர்களுக்கு 50 மீட்டர், 30 மீட்டர் தூரங்களில் நடக்கிறது. வில்லின் அமைப்புக்கு விதிகள் உண்டு என்பதால், போட்டிக்கு என்று நினைத்தால் செய்வதற்கு முன்பே பயிற்சியாளரிடம் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற பிரிவுகளில் பயன்படும் வில்கள் முற்றிலும் வேறு. அவற்றுக்கு மர வில் மாற்றாகாது. ஆனால், நிற்கும் விதம், இழுக்கும் விதம், கை பழகுவது எல்லாவற்றுக்கும் உதவும்.

கேள்வி: ‘‘எங்கள் வீட்டில் பனஞ்சட்டம்தான் நிறைய இருக்கிறது. அது ஆகுமா?’’

பதில்: நியூ கினி தீவில் வேறு வகைப் பனை மரங்களில் வில் செய்யும் வழக்கம் உண்டு. நம் பனையிலும் வெளிப்பக்கத்தில் கறுப்பு நார் நெருங்கிய பகுதி மட்டுமே கடினமானது. உள்ளே போகப் போகச் சோறாக இருக்கும். கறுத்த பகுதியில் முறிப்புச் சோதனை செய்து, தேறினால் வயிற்றுப் பட்டைக்கு வைத்துப் பார்க்கலாம். அதன் சிலாம்பு ஊசி போல ஏறும் என்பதால் இழைக்கும்போது கையுறை தேவை. இதற்காக நிற்கும் பனையை வெட்ட நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

கேள்வி: ‘‘பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டத்தைப் பயன்படுத்தலாமா?’’

பதில்: மரம் நன்றாக இருந்தால் பயன்படுத்தலாம். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். பெயின்ட்டைச் சூடு காட்டி உரிப்பதும், அந்த மரத்தை அடுப்பில் எரிப்பதும் கூடாது. வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டு, இழைப்புளியால் சுருளாகச் சீவி எடுத்து, சுருளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

கேள்வி: ‘‘கடலையை மயிலும் காட்டுப்பன்றியும் அழிக்கின்றன. இந்த மாதிரி வில் செய்து விரட்டலாமா?’’

பதில்: கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வில், அம்பு கொண்டு வேட்டையாடினாலும் காயப்படுத்தினாலும் குற்றம்தான். மயிலுக்கு அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. அம்பு பட்ட பன்றி திருப்பித் தாக்கும் ஆபத்தும் உண்டு. பயிர்ச் சேதத்தைப் புகைப்படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்தால் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது.